டாக்டரின் குரல் வீடு தேடி வரட்டும்!

பிரசவ வலிக்கு ஊரடங்கு தெரியாது.

கடையை அடைக்கலாம். பள்ளிக்கூடத்தைப் பூட்டலாம். ரெயிலை நிறுத்தலாம். ஆனால், வயிற்றில் வளரும் குழந்தையிடம், "கொஞ்ச நாள் பொறுத்திரு, நோய் போகட்டும்" என்று சொல்ல முடியுமா? முடியாது. பத்தாம் மாதம் வந்தால் குழந்தை பிறக்கும். ஐந்தாம் மாதத்தில் பார்க்க வேண்டியதை ஏழாம் மாதத்தில் பார்த்தால் காலம் கடந்துவிடும்.

2020-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி இரவு அந்த அறிவிப்பு வந்தது. நாடு முழுவதும் ஊரடங்கு! கொரோனா என்ற கொள்ளை நோயைத் தடுக்க வேறு வழி இல்லை என்றார்கள். மறுநாள் பஸ் ஓடவில்லை. மின்சார ரெயில் ஓடவில்லை. ஆட்டோவும் ஓடவில்லை.

நோய்க்குப் பயந்து மக்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். அது சரிதான். ஆனால், கர்ப்பிணிப் பெண்கள் என்ன செய்வார்கள்? மாதா மாதம் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டியவர்கள் எங்கே போவார்கள்? கருத்தடை ஊசியின் தவணை வந்தவர்கள் யாரைக் கேட்பார்கள்?

இந்தக் கேள்விகளுக்கு அப்போது கிடைத்த பதில்களில் ஒன்று, டெலிபோன்!

மணலி புதுநகரின் கஷ்டம்

வடசென்னையின் மேல்கோடியில் இருக்கிறது மணலி புதுநகர். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் திட்டமிட்டு உருவாக்கிய ஊர். ஒரு பக்கம் கொசஸ்தலை ஆறு. மறு பக்கம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை. எண்ணூர் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் வரிசை கட்டி நிற்கும். நல்ல நாளிலேயே அந்த ரோட்டில் அவசரமாகப் போவது எளிது அல்ல.

வடசென்னைப் பெண்களுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி என்றால் முதலில் நினைவுக்கு வருவது, ராயபுரத்தில் உள்ள ராஜா சர் ராமசாமி முதலியார் மகப்பேறு ஆஸ்பத்திரி. 1880-ம் ஆண்டு முதல் இருந்து வருகிறது. பாட்டி பிறந்தது அங்கே. அம்மா பிறந்தது அங்கே. பேத்தி பிறந்ததும் அங்கே. இப்படிச் சொல்லும் குடும்பங்கள் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் உண்டு. மணலி புதுநகரில் இருந்து அங்கே போக பத்து கிலோமீட்டருக்கு மேல் ஆகும்.

2020-ம் ஆண்டு மே மாதத்தில் என்ன நடந்தது? சென்னை மாநகராட்சியின் 15 மண்டலங்களில் நோய் மிக அதிகமாகப் பரவிய மண்டலம் ராயபுரம்! பிரசவ ஆஸ்பத்திரியும் ராயபுரத்தில். நோயும் ராயபுரத்தில். ஒரு கர்ப்பிணி அங்கே சாதாரணப் பரிசோதனைக்குப் போகலாமா, போகாமல் இருக்கலாமா? போனால் நோய் பயம். போகாவிட்டால் குழந்தையைப் பற்றிய பயம்.

ஜூன் 19-ந் தேதி சென்னையில் மீண்டும் கடுமையான ஊரடங்கு வந்தது. 2021-ம் ஆண்டு மே 10-ந் தேதி தமிழ்நாடு முழுவதும் இன்னொரு முறை வந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். ஆனால் கர்ப்பிணிகள் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய சுகாதார இலாகா அனுமதி தந்தது ஜூலை 2-ந் தேதிதான். அது வரையில் அவர்களுக்கு முகக்கவசமும் ஒதுங்கி இருப்பதும்தான் பாதுகாப்பு.

இப்படிப்பட்ட நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை குறைந்தாலும் அது பெரிய காரியம் அல்லவா?

ஊரடங்கின் முதல் நாளில் வந்த விதி

ஊரடங்கின் முதல் நாள் 2020 மார்ச் 25. அதே நாளில் இன்னொரு செய்தியும் வந்தது. பெரிய எழுத்தில் அது பேசப்படவில்லை. டாக்டர்கள் டெலிபோன் மூலமாகவும், வீடியோ மூலமாகவும், எழுத்துச் செய்தி மூலமாகவும் வைத்தியம் சொல்லலாம் என்று மத்திய சர்க்கார் விதிகளை வெளியிட்டது. "தொலை மருத்துவ விதிகள்" என்று அவற்றைச் சொல்லலாம்.

அதற்கு முன்பும் டாக்டர்கள் போனில் பேசத்தான் செய்தார்கள். ஆனால் அது சரியா, தவறா என்பதற்குத் தெளிவான விதி இல்லை. ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்ற பயம் டாக்டருக்கும் இருந்தது. அந்தக் குழப்பத்தை இந்த விதிகள் நீக்கின.

விதிகள் சொல்வது என்ன? வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

பதிவு பெற்ற டாக்டர் மட்டுமே போனில் வைத்தியம் சொல்லலாம். மருந்துச் சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும்.

நோயாளி பெயரை மறைத்துப் பேச முடியாது. டாக்டரும் தம் பெயரை மறைக்கக்கூடாது. இரண்டு பேருக்கும் எதிரில் இருப்பவர் யார் என்று தெரிய வேண்டும்.

நோயாளியே போன் செய்தால் அவர் சம்மதித்ததாக அர்த்தம். டாக்டர் செய்தால் சம்மதம் கேட்டுப் பெற வேண்டும்.

நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று டாக்டர் நினைத்தால், அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அவசரம் என்று தெரிந்தால், முதல் உதவி சொல்லி, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

எல்லா மருந்தையும் போனில் எழுதிக் கொடுக்க முடியாது. காய்ச்சல் மாத்திரை போன்ற சாதாரண மருந்துக்குத் தடை இல்லை. வேறு சில மருந்துகளுக்கு முகம் பார்த்துப் பேச வேண்டும். இன்னும் சில மருந்துகளை, முன்பே நேரில் பார்த்த நோயாளிக்கு மட்டும் தொடர்ந்து கொடுக்கலாம். போதை தரும் மருந்துகளைப் போனில் எழுதவே கூடாது.

நல்ல விதிகள். ஏப்ரல் 13-ந் தேதி "இ-சஞ்சீவனி" என்ற இலவச சேவையில் பொதுமக்களே வீட்டில் இருந்து டாக்டரைப் பார்க்கும் வசதியும் தொடங்கியது. அந்த ஆண்டில் இதை அதிகமாக உபயோகித்த மாநிலங்களின் முன்வரிசையில் தமிழ்நாடு நின்றது. 2023-ம் ஆண்டு பிப்ரவரிக்குள், நாடு முழுவதும் இந்தச் சேவையில் நடந்த ஆலோசனைகள் பத்து கோடியைத் தாண்டிவிட்டன.

போனில் முடிவது எது? முடியாதது எது?

இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளாவிட்டால் நன்மையும் தீமையாகிவிடும்.

ஒரு கர்ப்பிணிக்கு மூன்றாம் மாதம். வாந்தி நிற்கவில்லை. என்ன சாப்பிடலாம், எந்த அளவுக்கு மேல் போனால் ஆபத்து என்பதை டாக்டர் போனில் சொல்லலாம்.

இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறாள். மலம் கறுப்பாகப் போகிறது. பயந்து மாத்திரையையே நிறுத்திவிடுகிறாள். இது அடிக்கடி நடப்பது! "கறுப்பாகப் போவது அந்த மாத்திரையின் குணம். பயப்படாதே. காபி, டீயோடு சேர்த்து மட்டும் சாப்பிடாதே" என்று சொல்ல இரண்டு நிமிஷம் போதும். அந்த இரண்டு நிமிஷப் பேச்சு கிடைக்காவிட்டால், ரத்தச் சோகையோடு அவள் பிரசவ மேசைக்குப் போவாள். பிரசவத்தில் சிறிது ரத்தம் போனாலும் அவள் உடம்பு தாங்காது.

கருத்தடை ஊசி போட்டுக்கொள்ளும் பெண் இருக்கிறாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போட வேண்டும். ஊரடங்கினால் தேதி தவறிவிட்டது. இனிப் பயன் இல்லை என்று விட்டுவிடுகிறாள். ஆனால் நாலு வாரம் வரை தாமதமானாலும் அந்த ஊசியைப் போடலாம் என்பது மருத்துவ விதி. சொல்வதற்கு ஓர் ஆள் இருந்தால் அவள் பிழைத்தாள்.

கருத்தடை மாத்திரை ஒரு நாள் மறந்துவிட்டால் என்ன செய்வது? மாத விலக்கு தள்ளிப் போகிறதே, ஏன்? வெள்ளைப்படுதல் எப்போது சாதாரணம், எப்போது நோய்? தாய்ப்பால் போதவில்லையே? பிரசவத்துக்குப் பிறகு காரணம் இல்லாமல் அழுகை வருகிறதே? இவற்றுக்கெல்லாம் போனில் பதில் சொல்ல முடியும். பிரசவத்துக்குப் பின் வரும் மன வாட்டம் கூட ஒரு நோய்தான். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் காது போதும்.

ஆனால் போனுக்குக் கை கிடையாது. போன் வயிற்றைத் தொட்டுப் பார்க்காது. ரத்த அழுத்தம் பார்க்காது. ஸ்கேன் எடுக்காது. ஊசி போடாது. காப்பர்-டி வைக்காது. பிரசவம் பார்க்காது.

கீழே உள்ள அடையாளங்களில் ஒன்று தெரிந்தாலும், போனில் வைத்தியம் கேட்டுக்கொண்டு இருக்கக்கூடாது. 108-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்:

ரத்தப் போக்கு. தாங்க முடியாத தலைவலி. கண் மங்குதல். முகமும் கையும் திடீரென்று வீங்குதல். வலிப்பு. கடுமையான வயிற்று வலி. அதிகக் காய்ச்சல். பனிக்குடம் உடைதல். குழந்தையின் அசைவு குறைதல்.

இந்த வரிகளை வெட்டி எடுத்துச் சமையல் அறைச் சுவரில் ஒட்டி வைத்தாலும் தகும்.

ஆஸ்திரேலியாவின் மருந்துப் பெட்டி

தூரத்தில் இருந்து வைத்தியம் சொல்வது இன்று பிறந்த யோசனை அல்ல. டெலிபோன் கண்டுபிடித்தது 1876-ல். மூன்றே ஆண்டுகளில், 1879-ல், "லான்செட்" என்ற ஆங்கில மருத்துவப் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. நடு இரவில் ஒரு குழந்தைக்கு இருமல். டாக்டர் டெலிபோனில் அந்த இருமல் சத்தத்தைக் கேட்டார். பயப்படக்கூடிய நோய் இல்லை என்று சொல்லிவிட்டார். வீட்டார் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் விசேஷம். அங்கே ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இருக்கும். 1928-ல் "பறக்கும் டாக்டர்" சேவை தொடங்கியது. காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் ரேடியோ மூலம் பண்ணை வீட்டார் டாக்டரோடு பேசினார்கள்.

ஆனால் ஒரு கஷ்டம் வந்தது. டாக்டர் மருந்தின் பெயரைச் சொல்வார். கேட்பவருக்குப் புரியாது. புரிந்தாலும் மருந்து வீட்டில் இருக்காது. அதற்கு 1942-ல் வழி கண்டார்கள். ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு மருந்துப் பெட்டி கொடுத்தார்கள். மருந்துகளுக்கு எண் போட்டார்கள். "இத்தனாம் எண் மாத்திரையைக் கொடு" என்று டாக்டர் ரேடியோவில் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் எண்ணைப் பார்த்து எடுத்துக் கொடுக்கலாம்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. குரல் மட்டும் போதாது. குரல் போய்ச் சேரும் இடத்தில் மருந்தும் வேண்டும். டாக்டர் போனில், "ரத்த அழுத்தம் எவ்வளவு?" என்று கேட்கிறார். வீட்டில் கருவி இல்லை. என்ன பயன்? "இந்த மாத்திரை சாப்பிடு" என்கிறார். கடை அடைத்திருக்கிறது. என்ன பயன்?

தமிழ்நாட்டுக்கு இது தெரியாத பாடம் அல்ல. வீடு தேடிப் போகும் சுகாதார நர்சுகளைத் தமிழ்நாடு நெடுங்காலமாக வைத்திருக்கிறது. 2021 ஆகஸ்டு 5-ந் தேதி தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரை வீட்டுக்கே போகிறது. வயதானவருக்குச் சர்க்கரை மாத்திரை வீடு தேடிப் போகும்போது, கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தக் கருவி ஏன் போகக்கூடாது? கருவி சொல்லும் எண்ணை டாக்டருக்குப் போனில் சொன்னால் பாதி வேலை முடிந்ததே!

வெளியே சொல்ல முடியாத கஷ்டம்

பெண்களின் உடல்நலம் என்றால் பிரசவம் மட்டும் அல்ல. பிள்ளை வேண்டாம் என்று நினைக்கும் நேரமும் உண்டு. அதைப் பற்றிக் குடும்பங்களில் பேசுவது இல்லை. பேசாததால் கஷ்டம் இல்லாமல் போய்விடாது.

இந்தியாவில் 1971 முதல், சட்டத்தில் சொன்ன காரணங்களுக்காக, தகுதி உள்ள டாக்டரிடம் கருக்கலைப்பு செய்துகொள்ளலாம். 2021-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. பெண்ணின் பெயரை டாக்டர் வெளியே சொல்லக்கூடாது என்பதும் அதில் சேர்ந்தது.

ஆனால் சட்டம் இருந்தும் ஊரடங்கில் வழி அடைபட்டது. 2020 மார்ச் 25 முதல் ஜூன் 24 வரை, இந்தியாவில் சுமார் 18 லட்சத்து 50 ஆயிரம் பெண்களுக்கு இந்த வைத்தியம் கிடைக்காமல் போயிருக்கும் அல்லது தாமதப்பட்டிருக்கும் என்று ஐபாஸ் அமைப்பு கணக்கிட்டது. இது மதிப்பீடுதான். ஆனாலும் சிறிய எண் அல்ல. தாமதம் ஆக ஆக இந்த வைத்தியத்தில் ஆபத்து கூடும். கை மருந்து சொல்பவர்களும் போலி வைத்தியர்களும் காத்திருப்பது இப்படிப்பட்ட பெண்களுக்காகத்தான்.

இங்கிலாந்தில் என்ன செய்தார்கள்? 2020 மார்ச் 30-ந் தேதி சர்க்கார் ஓர் அனுமதி தந்தது. கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் உள்ள பெண், டாக்டர் அல்லது நர்சோடு போனில் பேசலாம். தகுதி உண்டு என்றால் மாத்திரை வீட்டுக்கு வரும். பலர் இதை எதிர்த்தார்கள். ஆபத்து வரும் என்றார்கள். பிறகு ஆராய்ச்சி நடந்தது. 52 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களின் விவரத்தைப் பார்த்தார்கள். போன் முறையிலும் பழைய முறையைப் போலவே பாதுகாப்பு இருந்தது. காத்திருக்கும் காலம் சராசரியாக நாலு நாள் குறைந்தது. கொள்ளை நோய் போன பிறகும், 2022 ஆகஸ்டு 30 முதல் அதை நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

இந்தியச் சட்டம் வேறு. இங்கே டாக்டரின் மேற்பார்வை இல்லாமல் அந்த மாத்திரையைத் தானே வாங்கிச் சாப்பிடுவது சட்டத்துக்கும் விரோதம், உயிருக்கும் ஆபத்து. ஆனால் போனில் முதலில் ஆலோசனை கேட்கலாம். எத்தனை வாரம் ஆகிறது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம், என்று போனால் டாக்டர் இருப்பார் என்பதைத் தெரிந்துகொள்ளலாம். வழி தெரியாமல் வீணாகும் நாட்களை இது மிச்சப்படுத்தும். இங்கிலாந்தைப் பார்த்துக் காப்பி அடிக்க வேண்டாம். ஆனால், செய்து பார்த்தார்கள், கணக்கு எடுத்தார்கள், பிறகு முடிவு செய்தார்கள். அந்த முறையைக் கற்றுக்கொள்ளலாம்.

போன் யார் கையில்?

இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு.

2019 முதல் 2021 வரை இந்தியாவில் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தது. தானே உபயோகிக்கும் செல்போன் வைத்திருந்த பெண்கள் நூற்றுக்கு 54 பேர்தான். ஒரு முறையாவது இன்டர்நெட் பார்த்திருந்தவர்கள் பெண்களில் நூற்றுக்கு 33 பேர். ஆண்களில் 57 பேர்! தமிழ்நாட்டின் நிலை இதைவிட நல்லது. ஆனால் இங்கேயும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகப் போன் கிடைத்துவிடவில்லை.

வீட்டில் ஒரே போன். அது கணவனிடம். அவன் தொழிற்சாலைக்கு ஷிப்டுக்குப் போய்விட்டான். மனைவி யாரிடம் பேசுவது? போன் இருந்தாலும் வீடு ஒரே அறை. மாமியார் பக்கத்தில். பிள்ளைகள் எதிரில். "மாத விலக்கு எப்போது வந்தது?" என்று டாக்டர் கேட்கிறார். அவள் என்ன பதில் சொல்வாள்? "எல்லாம் சரியாக இருக்கிறது டாக்டர்" என்று சொல்லி வைத்துவிடுவாள்.

அடி வாங்கும் பெண் இருக்கிறாள். நேரில் போனால் டாக்டர் காயத்தைப் பார்ப்பார். கணவனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாகக் கேட்பார். போனில் அது நடக்காது.

ஆகையால் போன் வந்தால் எல்லாம் வந்துவிட்டது என்று நினைப்பது தவறு. போனோடு தனிமையும் வேண்டும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சிறிய அறை ஒதுக்கலாம். கதவு, நாற்காலி, திரை, பக்கத்தில் ஒரு நர்சு. அவ்வளவுதான். ராயபுரத்துக்கோ எழும்பூருக்கோ போகாமல், அந்த அறையில் உட்கார்ந்து பெரிய ஆஸ்பத்திரி டாக்டரோடு பேசலாம். ரத்த அழுத்தத்தை அந்த நர்சே பார்த்துச் சொல்லலாம்.

"நேரில் பார்ப்பது போல வருமா?"

வராது! இதில் சந்தேகம் வேண்டாம்.

அனுபவம் உள்ள டாக்டர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். நோயாளி நடந்து வரும் விதத்திலேயே பாதி தெரியும் என்பார்கள். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் ரத்தச் சோகை தெரியும். காலை அழுத்தினால் நீர் தெரியும். இதெல்லாம் போனில் கிடைக்காது.

ஆனால் கேள்வி அது அல்ல. நேரில் பார்ப்பதா, போனா என்று எல்லா நேரமும் தேர்ந்தெடுக்க முடிகிறதா? ஊரடங்கில் அவளுக்கு இருந்தது இரண்டே வழி. ஒன்று போன். இன்னொன்று, ஒன்றும் இல்லை! ஒன்றும் இல்லாததற்குப் போன் எவ்வளவோ மேல்.

இன்னொரு ஆட்சேபமும் உண்டு. "போன் இருக்கிறதே என்று சொல்லி, ஆஸ்பத்திரி கட்டாமல் இருந்துவிடுவார்கள், டாக்டரை நியமிக்காமல் இருந்துவிடுவார்கள்" என்கிறார்கள். இது நியாயமான பயம். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99 பிரசவங்களுக்கு மேல் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது. இது போனால் வந்த வெற்றி அல்ல. கட்டடமும், டாக்டரும், நர்சும், ஆம்புலன்சும் கொண்டுவந்த வெற்றி. அவற்றை ஒரு துளியும் குறைக்கக்கூடாது. போன் அவற்றுக்குத் துணையாக வர வேண்டுமே தவிர, அவற்றின் இடத்தைப் பிடிக்கக்கூடாது.

கொள்ளை நோய் போயிற்று, வெள்ளம் போகவில்லை

"கொரோனா போய்விட்டதே, இனி எதற்கு இந்தப் பேச்சு?" என்று சிலர் கேட்கலாம்.

மணலி புதுநகர் மக்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

2015-ல் வெள்ளம். 2021 நவம்பரில் பூண்டி ஏரியைத் திறந்தபோது கொசஸ்தலை ஆறு பொங்கி, மணலி புதுநகர் தெருக்களில் தண்ணீர் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். அந்த வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை கறுப்பாகப் பரவியது. அதே மாதம் 26-ந் தேதி இரவு எண்ணூரில் உரத் தொழிற்சாலைக் குழாயில் இருந்து அமோனியா வாயு கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் நடு இரவில் வீட்டை விட்டு ஓடினார்கள்.

வெள்ளத்தில் சிக்கிய வீட்டிலும் கர்ப்பிணி இருப்பாள். வாயுவைச் சுவாசித்தவர்களிலும் கர்ப்பிணி இருப்பாள். "இது குழந்தையைப் பாதிக்குமா?" என்று அவள் யாரைக் கேட்பது? எந்த எண்ணுக்குப் போன் செய்வது? ரோடு அறுந்து போகும் ஊருக்கு, அறுந்து போகாத ஒரு குரல் வேண்டும். அதை மழை வந்த பிறகு தேட முடியாது.

செய்ய வேண்டியது என்ன?

ஒன்று: வடசென்னைக்குக் கர்ப்பிணிகளின் பட்டியல் புதிதாக எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பமும் "பிக்மி" எண்ணோடு பதிவு ஆகிறது. வெள்ளமோ நோயோ வரும் என்று எச்சரிக்கை வந்தவுடன், பிரசவ தேதி நெருங்கியவர்களுக்கு சுகாதார நிலையமே போன் செய்ய வேண்டும். அவள் கூப்பிடும் வரை காத்திருக்கக்கூடாது.

இரண்டு: 104 மருத்துவ ஆலோசனை எண் இருக்கிறது. இ-சஞ்சீவனி இருக்கிறது. ஆனால் பெண்கள் பெண் டாக்டரோடு பேச விரும்புவார்கள். பெண் டாக்டர் எந்த நேரத்தில் கிடைப்பார் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ரேஷன் கடையிலும் அங்கன்வாடியிலும் எழுதி ஒட்ட வேண்டும்.

மூன்று: படிக்கத் தெரியாதவரும், சாதாரணப் போன் வைத்திருப்பவரும் பேச முடிய வேண்டும். "ஆப் போடு, பாஸ்வேர்டு போடு" என்று சொன்னால் அவர்கள் பாதியிலேயே விட்டுவிடுவார்கள். வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்களின் பெண்களுக்கு, அவர்கள் மொழி தெரிந்த ஒருவர் வேண்டும்.

நாலு: தெருவுக்கு ஒரு ரத்த அழுத்தக் கருவியாவது, பயிற்சி பெற்ற ஒருவரிடம் இருக்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையும் கருத்தடைச் சாதனமும் வெள்ளக் காலத்துக்கு முன்பே வந்து சேர வேண்டும்.

ஐந்து: போனில் பேசிய விவரம், அவள் நேரில் போகும்போது டாக்டரின் கையில் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் தாய் சேய் அட்டையைப் பத்திரமாக வைக்க வேண்டும். போனில் பேசும்போது அது கையில் இருக்கட்டும்.

இவற்றில் எதுவும் கோடிக்கணக்கில் பணம் கேட்கும் காரியம் அல்ல.

வீட்டில் உள்ளவர்களுக்கு

சர்க்கார் செய்ய வேண்டியது அது. குடும்பம் செய்ய வேண்டியதும் உண்டு.

மனைவி டாக்டரோடு பேசும்போது கணவன் போனைக் கொடுத்துவிட்டுச் சிறிது நேரம் வெளியே நிற்கட்டும். அது அவளைச் சந்தேகப்படுவது இல்லை என்பதற்கு அடையாளம். மாமியார்மார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகட்டும். "எங்கள் காலத்தில் டாக்டரா, போனா?" என்று சொல்ல வேண்டாம். அந்தக் காலத்தில் பிரசவத்தில் போன உயிர்கள் எத்தனை என்பது அவர்களுக்கே தெரியும்.

பெண்களும் வெட்கப்பட்டு மறைக்கக்கூடாது. டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்ட நோய் உடம்பைக் கூச்சப்படாமல் அரிக்கும்.

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கான உதவித் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறியவர் அவர். பெண்கள் படிப்பதே அரிதாக இருந்த காலம் அது! பெண் டாக்டர் ஒருவர் கிடைத்தால்தான் பெண்கள் தங்கள் நோயை வாய் திறந்து சொல்வார்கள் என்ற நிலை அன்று இருந்தது. இன்று பெண் டாக்டர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் மணலி புதுநகரில் உள்ள ஒரு தாய்க்கும் நடுவே நிற்பது ஆறும், லாரி வரிசையும், வெள்ளமும், நோயும்தான்.

அவற்றைத் தாண்டி வரக்கூடியது குரல். அந்தக் குரலுக்கு ஓர் எண், ஒரு நேரம், ஒரு கருவி, ஒரு தனி அறை கொடுத்தால் போதும்.

அடுத்த மழைக்கு முன் அதைக் கொடுத்துவிட வேண்டும்.